கையோடு ஏழு கிலோ

— கீழ வைக்காதப்பா, கொக்கியில மாட்டு. கையில தூக்கிப் பாத்துட்டு சொல்றதெல்லாம் ஏர்போர்ட்ல செல்லாது.

— ஏழு நானூறு.

— மாட்டுன்னு சொல்றேன்ல.

— மாட்டறேம்மா வேணி, மாட்டறேன். முப்பத்திரெண்டு வருசம் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டில மூட்டை தூக்கினவன் இந்த ராயப்பன். மல்லாட்டை மூட்டை முதுகுல ஏறின ஒடனே எத்தினி கிலோன்னு சொல்லிடுவேன். தராசுக்காரன் அப்பால தான் சொல்லுவான். தோ, மாட்டியாச்சு. இன்னா காட்டுது உன் மிஷினு?

— ஏழு புள்ளி நாலு ரெண்டு.

— அந்த ரெண்டு கொக்கியோட எடை.

— சரிப்பா, நீ சொன்னது கரெக்டு தான். ஆனா ஏழுக்கு மேல விடமாட்டாங்க. அண்ணன் போட்டிருக்கறது கைப்பை மட்டும் டிக்கெட்டு. கீழ போடற லக்கேஜ் ஒரு கிலோ கூட கெடையாது. உனக்கு ஏழு, அம்மாவுக்கு ஏழு. ஏறிப்போச்சுன்னா கேட்டாண்ட நிக்க வச்சு பணம் கட்டுன்னுவாங்க. நீ டிக்கெட்டுக்கு குடுத்ததுல பாதி போயிடும்.

— பஸ்ல போனா இந்தப் பேஜாரே இல்ல. மேல போட்டுட்டு ஏறிக்கலாம்.

— புனேக்கு பஸ்ல போய்ப் பாரு, இடுப்பு இருக்குதான்னு. நாளைக்கு மத்யானம் ஏறினா ரெண்டு மணி நேரத்துல எறங்கிடுவீங்க. ஞாயித்துக்கெழமை கொழந்தைக்கு ஞானஸ்நானம். திங்கக்கெழமை திரும்பிடறீங்க. நாலு நாளுக்கு இவ்ளோ எதுக்கு? தொற, நான் பாக்கறேன். வேட்டி ரெண்டு, ஓகே. சட்டை இன்னாப்பா அஞ்சு இருக்குது?

— வெள்ளி, சனி, ஞாயிறு, திங்க. அப்பால ஒண்ணு, மேல எதனா கொட்டிக்கினா மாத்திக்கறதுக்கு.

— நாளைக்கு ஒண்ணு போட்டுக்கினு வரப்போற. கோயிலுக்கு ஒண்ணு. நடுவுல ஒண்ணு. மூணு போதும். அண்ணன் வீட்ல வாஷிங் மிஷின் இருக்குது. இது இன்னா, போர்வையா?

— பூனால குளிராம். உங்கண்ணன் தேவா தான் சொன்னான்.

— இந்தப் போர்வை ஒண்டியே ஒண்ணேகால் கிலோ வரும். அவங்க வீட்ல போர்வை இல்லாமயா இருக்கும்? ஸ்வெட்டர ஒடம்புல போட்டுக்கினு வா. போட்டுக்கினு வர்றதுக்கு யாரும் எடை பாக்க மாட்டாங்க.

— மீனம்பாக்கம் வெயில்ல ஸ்வெட்டரா? பாக்கறவன் இன்னான்னு நெனப்பான்?

— ஒண்ணும் நெனக்க மாட்டான். மூணு சட்டை ஒண்ணுமேல ஒண்ணு மாட்டிக்கினு, பாக்கெட்டுல எல்லாம் மருந்து பாட்டில் சொருகிக்கினு வர்றவங்கள தெனமும் பாத்திருக்கறேன். ஏறி ஒக்காந்தப்பறம் கழட்டி மடியில வச்சுக்கினா ஆச்சு. சட்டைய மடிக்காதப்பா, இப்பிடி சுருட்டு. பாய் சுருட்டற மாதிரி. எடம் பாதியாயிடும், கசங்கவும் கசங்காது.

— எடம் கொறையும், எடை கொறையுமா?

— அது கொறையாது.

— அத்த சொல்லு. சுருட்டிட்டா எடை கொறஞ்சிடும்னா கமிட்டில நாங்க எல்லாத்தையும் சுருட்டியே வச்சிருப்போம். நீ இப்ப எந்த ஷிப்டு?

— இன்னாது?

— டூட்டி. நாளைக்கு எத்தினி மணிக்கு ஏறணும்னு கேட்டேன்.

— ரெண்டாவது ஷிப்டுப்பா. ரேசர் எங்க வச்ச? பிளேடு தனியா இருந்தா புடுங்கிப் போட்டுடுவாங்க.

— யூனிபார்ம் துவைக்கணும்னா குடு. அம்மா இன்னிக்கு எல்லாத்தையும் ஊற வச்சிருந்தா. இன்னும் வெயில் இருக்குது, காஞ்சுடும்.

— ஹாஸ்டல்ல இருக்குதுப்பா. அங்கயே துவைச்சுக்கறேன். இப்ப தூக்கு. சட்டை ரெண்டு போச்சு, போர்வை போச்சு.

— அஞ்சே முக்கால். கொஞ்சம் மேல.

— அஞ்சு புள்ளி எட்டு. எப்பிடிப்பா சொல்ற?

— அது கையிக்குத் தெரியும். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆக, இன்னும் ஒரு கிலோ இடம் இருக்குது.

— இரு. அம்மா இன்னும் சமையக்கட்டுலேருந்து வெளிய வரல. அவங்க இன்னா தூக்கிக்கினு வருவாங்களோ.

— வந்துட்டேன், வந்துட்டேன். என்னப் பத்தி இன்னா பேச்சு அப்பனும் பொண்ணும்? பாப்பா, இந்தா, இது கேப்பை மாவு. முந்தா நேத்து தான் மிஷின்ல குடுத்து அரைச்சேன். மருமவளுக்கு பால் ஊற தெனமும் கூழு கரைச்சுக் குடுக்கணும், சொல்லிட்டேன்.

— மா, இது எவ்ளோ இருக்கும்?

— ரெண்டு கிலோ தான்.

— மூணு.

— இன்னாங்க நீங்க, பாக்காமயே சொல்லாதீங்க.

— பாத்துட்டுத் தான் புனிதா சொல்றேன். நீ தூக்கிக்கினு வர்றப்ப உன் தோளு ஒரு பக்கம் சாயுது. மூணு கிலோ.

— சரி, மூணு. இது மல்லாட்டை, ரெண்டு கிலோ. தேவாவுக்கு வறுத்த கடலை. இது மாங்கா ஊறுகா, இது நல்லெண்ணெய், இது தேங்கா நாலு. இந்த இட்லி குண்டான் நான் போன தடவ ஆடித் தள்ளுபடில அவங்களுக்குன்னே வாங்கி வச்சது.

— மா, ஒக்காரு. கோவப்படாம கேளு. ஊறுகா கையில எடுத்துக்கினு போக விடமாட்டாங்க. எண்ணெயும் விடமாட்டாங்க. தேங்கா கூடவே கூடாது.

— தேங்கா இன்னா பாவம் பண்ணுச்சு?

— எண்ணெய்ப்பசை இருக்குது, தீப்பிடிக்கும்னு வச்சிருக்கறாங்க. செக்யூரிட்டில எடுத்து டப்பால போட்டுடுவாங்க. இட்லி குண்டான் எடுத்துக்கலாம், ஆனா அது மூணரை கிலோ. அத வச்சா உன் பொடவை ஒண்ணு கூட வைக்க முடியாது.

— அப்ப வெறுங்கையோட போய் நிக்கச் சொல்றியா? மாமியாக்காரி ஊர்லேருந்து இன்னா கொண்டாந்தாங்கன்னு சம்மந்தி வீட்டு சனம் பாக்காதா? திருச்சிலேருந்து அவங்க ரயில்ல வர்றாங்களாம். எத்தினி மூட்டை வேணா ஏத்திக்கினு வருவாங்க.

— வெறுங்கையோட இல்லமா. அப்பா பையில இன்னும் ஒரு கிலோ போடலாம்.

— ஒரு கிலோல இன்னா ஆவும்?

— அதுக்கு ஒரு வழி இருக்குது. இந்த சக்கரம் வச்ச பை இருக்குதே, காலியாவே ரெண்டே முக்கால். இத விட்டுட்டு அந்த பச்சை ரெக்சின் பைய எடுத்தா ரெண்டு கிலோவுக்கு மேல மிச்சம்.

— வேணி, அது மட்டும் வேணாம்மா. சவுரிராயன் கிட்ட கேட்டு வாங்கினு வந்தது இது. அவன் பையன் துபாய்லேருந்து கொண்டாந்தது. பிளேன்ல போறவன் கையில சக்கரம் வச்ச பை இல்லன்னா நல்லாவா இருக்கும்? ரெக்சின் பை கையில வச்சிருந்தா சேலத்துக்கு கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கும்.

— பா, சக்கரத்துக்கு கூழு கரைச்சுக் குடுக்க முடியுமா?

— கேட்டீங்களா. பொண்ணு இப்ப தான் ஒழுங்கா ஒரு வார்த்த பேசறா. எடுங்க அந்த ரெக்சின் பைய.

— எடுத்தாச்சு. புனிதா, துணிய நீ மாத்திக் குடு. இந்தா. கேப்பை மாவுல ரெண்டு கிலோ, மல்லாட்டைல ஒரு கிலோ. மேல வைக்கிறேன்.

— மாட்டுப்பா. ஆறு புள்ளி ஏழு. போதும், நிறுத்து. நாளைக்கு வழியில ஒரு தண்ணி பாட்டில், ஒரு பேப்பர்னு எதனா உள்ள சேரும். அதுக்கு இந்த முந்நூறு கிராம் அப்பிடியே இருக்கட்டும். இப்ப அம்மா பை.

— எம் பைய ஒண்ணும் தொறக்க வேணாம். நான் பாத்துத் தான் வச்சிருக்கறேன்.

— அப்பா, தூக்கிச் சொல்லு.

— எட்டரை.

— இன்னாங்க, நீங்க எனக்கு புருசனா, இவ ஆபீசுக்கு ஆளா?

— மா, பட்டு பொடவை மூணு இருக்குது.

— ஒண்ணு சனிக்கெழமை, ஒண்ணு கோயிலுக்கு, ஒண்ணு திரும்பி வர்றதுக்கு.

— அந்த அரக்குப் பட்ட நாளைக்கு கட்டிக்கினு வா. அதான் கனம். ஒண்ணு விட்டுட்டுப் போ. செருப்பு எதுக்கு ரெண்டு ஜோடி? வேளாங்கண்ணி தீர்த்தம் இம்மாம் பெரிய பாட்டில்ல ஏன்? நூறு மில்லிக்கு மேல போக விடமாட்டாங்க. சின்ன மருந்து பாட்டில் கழுவித் தர்றேன், அதுல ஊத்திக்க. கொழந்தைக்கு வாங்கின கொலுசு, கவுனு எல்லாம் உன் ஹேண்ட்பேக்ல போட்டுக்க. லேடீஸ் ஹேண்ட்பேக் ஒண்ணு தனியா தோள்ல மாட்டிக்கலாம், அத எடை போட மாட்டாங்க.

— அப்ப ஹேண்ட்பேக்ல அந்த மிச்சம் ஒரு கிலோ கேப்பை மாவையும் போட்டுக்கறேன்.

— ஹேண்ட்பேக் ஹேண்ட்பேக் மாதிரி இருக்கணும்மா. மூட்டை மாதிரி இருந்தா அதையும் எடுத்து தராசுல வைப்பாங்க.

— யாரு வைப்பாங்க? நீ தான அங்க நிக்கற. நாளைக்கு கேட்டுல நீ இருப்ப, பெத்தவ பைய புடுங்கி எடை போடுவியா?

— டூட்டி எங்க போடுவாங்கன்னு எனக்கு இன்னாமா தெரியும்?

— கேட்டு வாங்கு. நான் கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எம் பொண்ணு தான் எங்கள ஏத்தி விடப்போறான்னு. பங்கு சாமியாரு கூட கேட்டாரு. குப்பம்மாள் அக்கா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி இருக்குது, நீ யூனிபார்ம்ல, நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல.

— அங்க போட்டோ எடுக்கக் கூடாதுமா.

— எதுக்கெடுத்தாலும் கூடாது, கூடாது. அந்த செவுத்துல மாட்டி வச்சிருக்கறேன் பாரு உன் சர்டிபிகேட்டு. அதுல எழுதி இருக்கற மாதிரியே நீ வீட்டுலயும் இருக்கற.

— அத ஏன்மா அங்க மாட்டின? கழட்டுன்னு போன தடவயே சொன்னேன்.

— ஏன் கழட்டணும்? மூணு மாசத்துல மத்த பொண்ணுங்கள விட அதிகமா வசூல் பண்ணிக் குடுத்தன்னு குடுத்தது தான? எத்தினி பேருக்குக் கெடைக்கும்? சரி, அது இருக்கட்டும். கூடப்பொறந்த அண்ணன், தலப்பிள்ளைக்கு உன்ன ஞானத்தாயா நிக்கச் சொல்லிக் கேட்டான். லீவு இல்லன்னுட்ட. இப்ப மருமவளோட சிநேகிதக்காரி யாரோ நிக்கப்போறாளாம். நாளைக்கு அந்தக் கொழந்த பெருசாயி, அத்தை, நீ ஏன் வரலன்னு கேட்டா, ஏழு கிலோக்கு மேல இருந்தேன்னு சொல்லு.

— புனிதா.

— நான் சொல்றதுல இன்னாங்க தப்பு?

— தப்பு ஒண்ணும் இல்ல. டெய்லர் கடைல ஜாக்கெட்டு வாங்கணும்னு சொன்னியே. அஞ்சு மணிக்கு மேல அவன் பூட்டிக்கினு போயிடுவான்.

— போறேன், போறேன். அந்த கேப்பை மாவு உள்ள இருக்கணும், சொல்லிட்டேன். நான் வந்து பாப்பேன்.

— போய்ட்டாங்களா?

— போய்ட்டா. கேட்டு சாத்தற சத்தம் கேக்கல? நீ அந்தப் பொடவைய இன்னா பண்ற, சுருட்டறியா, பிழியறியா?

— சுருட்டறேன்.

— அம்மா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டா. வாய் தான். நீ ஏன் மூஞ்சிய அப்பிடி வச்சிருக்கற? மாவ எடுத்து அம்மா பையில வைக்கட்டுமா?

— வேணாம்பா. ஒரு கிலோ ஏறும்.

— ஏறட்டும். அம்மா சொல்றதுல ஒரு ஞாயம் இருக்குது. நீ அங்க இருக்கற எடத்துல, பெத்தவங்களுக்காக ஒரு கிலோ கண்டுக்காம விடறது பெரிய குத்தமா? கமிட்டில எங்க ஆளுங்க வீட்டு மூட்டை வந்தா, நான் அரை கிலோ பாத்தும் பாக்காத மாதிரி எத்தினியோ தரம் இருந்திருக்கறேன்.

— என்னால முடியாதுப்பா.

— ஏன் முடியாது?

— முடியாதுன்னா முடியாது. அந்தப் பேச்ச வுடு.

— நான் கேக்கக் கூடாதா? வேணி, என்னப் பாத்து சொல்லு. ஏன் முடியாது?

— நான் அங்க இல்லப்பா.

— ம்.

— நாளைக்கு நீங்க போறப்ப கேட்டுல வேற யாரோ தான் இருப்பாங்க. நான் இருக்க மாட்டேன். நாளைக்கு ஒண்டி இல்ல. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, என்ன வேலைய விட்டு நிறுத்தி. அதான் காலைலேருந்து உசுர வுட்டு அம்பது கிராம் அம்பது கிராமா புடுங்கிக்கினு கெடக்கறேன். அங்க உங்கள நிக்க வச்சு பணம் கட்டச் சொன்னா, ஏன்னு கேக்கறதுக்கு எனக்கு ஆளு இல்லப்பா.

— ஒக்காரு. நின்னுக்கினே பேசாத. தண்ணி குடி.

— நீ திட்டு.

— தண்ணி குடின்னேன். இப்ப சொல்லு. இன்னா ஆச்சு?

— ஒரு பெரியவரு வந்தாருப்பா. சேத்துப்பட்டு பக்கமாம். நாக்பூர் போறதுக்கு. அவரு பையன் லாரி ஓட்டறவரு, அங்க வண்டி மோதி ஆஸ்பத்திரில கெடக்கறாராம். யாரோ டிக்கெட்டு எடுத்துக் குடுத்து அனுப்பி இருக்கறாங்க. நம்மள மாதிரியே கைப்பை மட்டும் டிக்கெட்டு. கையில ஒரு பை. நான் தராசுல வைங்க ஐயான்னு சொன்னேன். அவரு வைக்கறதுக்கு முந்தி கையில ரெண்டு தரம் தூக்கிப் பாத்துட்டு, பத்தேகால் இருக்கும்மான்னாரு.

— எவ்ளோ இருந்துச்சு?

— பத்து புள்ளி ரெண்டு ஆறு.

— மூட்டை தூக்கற ஆளு.

— ஆரணி அரிசி மண்டியிலயாம். நான் கேட்டேன். உள்ள இன்னா இருக்குதுன்னு தொறந்து காட்டினாரு. ஒரு குக்கரு, ரெண்டு தட்டு, கொஞ்சம் அரிசி, பையனோட லுங்கி. எத்தினி நாளு ஆஸ்பத்திரில இருக்கணுமோ தெரியாது, பாஷையும் தெரியாது, கஞ்சியாவது வச்சுக் குடுக்கலாம்னு எடுத்தாந்தேம்மான்னாரு. கட்ட வேண்டிய பணத்த சொன்னேன். சட்டைப் பாக்கெட்டுல இருக்கற எல்லாத்தையும் எடுத்து என் டேபிள் மேல வச்சாரு. பாதிக்கூட வரல.

— நீ விட்டுட்ட.

— ஏழுக்குள்ள இருக்குதுன்னு ஒரு டேக் கட்டுவோம்பா. அதக் கட்டிட்டேன். அது வரைக்கும் நான் ஒருத்தரக் கூட விட்டதில்ல. கைக்கொழந்தைய வச்சிக்கினு அழுத பொண்ணு கிட்ட வசூல் பண்ணி இருக்கறேன். செவுத்துல மாட்டி இருக்குதே சர்டிபிகேட்டு, அந்தப் பொண்ணு கட்டினது எல்லாம் சேந்து தான் அது. அதான் கழட்டச் சொன்னேன். அன்னிக்கு ஒருத்தர விட்டேன். அவரத் தான் டீம் லீடர் பிளேன் வாசல்ல நிக்க வச்சு மறுபடி எடை போட்டாரு.

— அப்பால?

— டேக் யாரு கட்டினதுன்னு நம்பரு இருக்கும். கூப்ட்டு கேட்டாங்க. தெரியாம கட்டிட்டேன்னு சொல்லுன்னு கூட இருந்த பொண்ணுங்க சொன்னாங்க. எனக்கு வாயில வரல. தெரிஞ்சு தான் கட்டினேன்னு சொல்லிட்டேன். காண்ட்ராக்டு ஆளு தான, நாளைலேருந்து வரவேணாம், கார்ட குடுத்துட்டுப் போன்னாங்க. பத்து நிமிசம் கூட ஆகல.

— அந்த ஆளு?

— குக்கர எடுத்து அங்கயே வச்சுட்டு ஏறிட்டாரு.

— நாக்பூர் போயிட்டாரு இல்ல.

— போயிட்டாரு. ஆனா அந்தக் குக்கருக்குத் தான நான் டேக் கட்டினேன். அது அங்கயே நின்னுடுச்சு. எனக்கும் வேலை போச்சு, அவருக்கும் குக்கர் போச்சு. எதுக்குப் பண்ணேன்னே தெரியலப்பா.

— மவன் பக்கத்துல போய் ஒக்காந்திருப்பான். குக்கர் ஒண்ணு எங்கனா வாங்கிக்குவான். அன்னிக்கு நீ சாப்ட்டியா?

— இன்னாது?

— வேலை போன அன்னிக்கு. சாப்ட்டியான்னு கேக்கறேன்.

— இல்ல. ஹாஸ்டலுக்குப் போய் படுத்துட்டேன். மக்யா நாளு விடிஞ்சும் படுத்துக்கினே இருந்தேன். அப்பறம் பல்லாவரத்துல ஒரு செல்போன் கடைல பில்லு போடற வேலை கெடைச்சுது. இப்ப அங்க தான் போய்க்கினு இருக்கறேன். உங்கிட்ட சொல்லணும்னு ஒவ்வொரு தடவ போன் பண்றப்பவும் நெனப்பேன். நீ எடுத்த ஒடனே, ஏர்போர்ட் மேடம் எப்பிடி இருக்கறீங்கன்னு கேப்ப. அப்பறம் இன்னான்னு சொல்றது? அந்தக் கோர்சுக்கு கட்டறதுக்கு நீ ராத்திரி லோடும் எறக்கினது எனக்குத் தெரியாதா?

— அத்த வுடு. ஞானத்தாய்க்கு லீவு இல்லன்னு சொன்னது?

— அண்ணன் மொதல்ல கேட்டப்ப மெய்யாலுமே லீவு இல்ல. வேலை போனதுக்கப்பறம் இருக்குதுன்னு சொன்னா, எப்பிடிக் கெடைச்சுதுன்னு அம்மா நோண்டுவாங்க. அப்பிடியே விட்டுட்டேன்.

— ம்.

— என்ன திட்டவே மாட்டியாப்பா?

— திட்டி இன்னா ஆவப்போவுது? அஞ்சரை ஆவுது. பாதிப் பை கட்டாம கெடக்குது. அந்தப் பொடவைய இங்க குடு, நீ பிழிஞ்சது போதும். அந்தச் சர்டிபிகேட்ட வேணும்னா கழட்டிடு. அம்மா கேட்டா ஆணி வுழுந்துடுச்சுன்னு நான் சொல்லிக்கறேன்.

— அம்மாகிட்ட எப்ப சொல்றது?

— அத அப்பால பாத்துக்கலாம். நாளைக்கு ஜல்தி கெளம்பணும். ஏழு மணி ரயிலுக்கு ஸ்டேசன்ல இருக்கணும். இன்னும் இன்னா பாக்கி இருக்குது?

— அம்மா பை ஒண்டி தான். ரெண்டு பொடவை, ஒரு ஜோடி செருப்பு, தீர்த்த பாட்டில் எடுத்தாச்சு. தூக்கு.

— ஆறு எண்ணூறு.

— ஆறு புள்ளி எட்டு. சரி. அப்பறம் வெப் செக்-இன் போடணும். அத இங்கயே போட்டுட்டா கவுண்டர்ல போய் நிக்க வேணாம். நேரா செக்யூரிட்டிக்குப் போய்க்கலாம். கவுண்டர்ல நின்னா தான் பைய பாத்த ஒடனே தராசுல வைன்னுவாங்க. டிக்கெட்டு எங்க இருக்குது?

— எனக்கு அதெல்லாம் இன்னா தெரியும்? தேவா எம் போன்ல அனுப்பிச்சிருக்கறான். தோ, எடுத்துப் பாரு.

— இதுல இருக்கற நம்பர போட்டா வந்துடும். கண்ணாடிய போட்டுக்கினு நீயும் பாருப்பா, பேரு ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்குதான்னு. ஒரு எழுத்து தப்பா இருந்தா வாசல்லயே நிறுத்திடுவாங்க. வந்துடுச்சு. ராயப்பன், சரி. புனிதா, சரி. பா.

— இன்னா?

— மூணு பேருன்னு காட்டுது.

— மூணாவது பேரு இன்னா போட்டிருக்குதுன்னு படி.

— வேணி. எம் பேருப்பா. பொறந்த தேதியும் என்னோடது தான். வெள்ளிக்கெழமை போறதுக்கும் இருக்குது, திங்கக்கெழமை வர்றதுக்கும் இருக்குது.

— எழுத்து சரியா இருக்குதா?

— சரியா தான் இருக்குது. நான் தான் லீவு இல்லன்னு சொல்லிட்டனே, அண்ணன் எப்பிடிப் போட்டாரு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே.

— நான் தான் சொல்லாதன்னேன். ஞானத்தாய் பேரு கோயில்ல உம் பேரத் தான் குடுத்திருக்கறான். அம்மாவுக்கும் தெரியாது.

— இது எப்பப்பா போட்டது?

— மூணு வாரத்துக்கு முந்தி. உனக்குப் புடிக்குமேன்னு அவிச்ச மல்லாட்டை எடுத்துக்கினு மீனம்பாக்கம் வந்து, வேணின்னு இங்க யாரும் இப்ப வேலை செய்யலன்னு சொல்லக் கேட்டுக்கினு திரும்பி வந்தனே, அதுக்கு மக்யா நாளு.